ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு விஷன் தெரபி: பயிற்சிக்கு முன்னால் நடக்க வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் விஷன் தெரபி (இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழக்கும் பயிற்சி) பற்றி விசாரிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க, இதைக் குடுத்தா பையன் மூஞ்சியப் பாத்துப் பேசுவானுங்களா?"

அதற்காக இந்தப் பயிற்சி இல்லை. முகம் பார்க்காமல் இருப்பது கண்ணின் கோளாறு அல்ல. பார்வை தெளிவாக இருக்கும் பிள்ளையும் முகத்தைத் தவிர்ப்பான். முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கேட்பது அவனுக்குப் பெரும் பாடு. தாடையைப் பிடித்துத் திருப்பி, "கண்ணு, இங்க பாரு சாமி" என்று நூறு முறை பழக்கினால் அவன் பயந்துதான் போவான்.

ஆனால் இதோடு பேச்சை முடித்துக்கொண்டு கண்ணை மறந்துவிடுவதும் ஆபத்து. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கண் பவர் கோளாறும், மாறுகண்ணும், கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்பாத குறையும் மற்ற குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. பிள்ளை சொல்ல மாட்டான். மங்கலாகத் தெரிவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே உலகம் என்றால் அவனால் சொல்லவும் முடியாது. புத்தகத்தைத் தள்ளிவிட்டால், படியில் தயங்கினால், பந்து வரும்போது முகத்தைத் திருப்பினால், எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆகவே இதற்கு ஒரு வரிசை உண்டு. சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்ப்பது முதலில். கண்ணாடி அடுத்தது. சோம்பேறிக் கண் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை மங்கிப்போன கண்) இருந்தால் நல்ல கண்ணை மறைப்பது அதற்கு அடுத்தது. பயிற்சி கடைசியில்தான் வர வேண்டும், அதுவும் தேவைப்படுகிற பிள்ளைக்கு மட்டும். நேராகப் பயிற்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் மங்கலான கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளை பந்தைத் துரத்துவான். பணமும் போகும், நல்ல வயதும் போகும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது

கடைக்கண்ணால் பார்ப்பது எல்லாரும் கவனிக்கும் அடையாளம். சுற்றும் சக்கரத்தை, ஓடும் ஃபேனை, சுவர் ஓரத்துக் கோட்டை இரண்டு பக்கமாகவும் மாறி மாறிச் சாய்ந்து ரசித்தால் அது பெரும்பாலும் அவனுக்குப் பிடித்த உணர்வு. டிவி பார்க்கும்போதும், சின்னப் படத்தை உற்றுப் பார்க்கும்போதும், எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்புகிறான் என்றால் கண்ணைச் சோதிக்க வேண்டும். கண் நடுங்கும் குழந்தைகள் நடுக்கம் குறையும் கோணத்தைத் தாமே கண்டுபிடித்துத் தலையை அங்கே நிறுத்திக்கொள்வார்கள். மாறுகண்ணுக்கும், ஒரு பக்கப் பார்வை குறைந்திருப்பதற்கும் தலைத் திருப்பம் வரும்.

வெயிலுக்குப் போனதும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறாளா? கண் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகும் மாறுகண் இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அது தெரியாமல் போவது சகஜம். களைத்திருக்கும் சாயங்காலத்தில், தூரத்தைப் பார்க்கும்போது, போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

படி ஏறுவதில் சிரமமில்லை, இறங்கும்போது மட்டும் காலால் துழாவுகிறான், கூட்டத்தில் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பொம்மைக் கூடையில் பத்துப் பொருள் இருந்தால் எதையும் எடுக்க மாட்டான், ஒன்றை மட்டும் தனியாக வைத்தால் உடனே எடுக்கிறான் என்றால் கண்ணைத் தாண்டி யோசிக்க வேண்டும். குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் அழாதது, முதல் நாட்களில் சர்க்கரை இறங்கியது, வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்திருந்தால் மூளையில் பார்வையைக் கையாளும் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்தக் குறை ஆட்டிசம் மாதிரியே தோற்றம் காட்டும், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கும். இதற்கு உதவுவது வேறு வழி. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த இரண்டு அடையாளங்களில் எது தெரிந்தாலும் காத்திருக்கவே கூடாது. ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அந்த வாரமே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்புரையோ, விழித்திரைக் கட்டியோ இருக்கலாம். கண்ணை விரலால் அழுத்தி அழுத்தி இன்பம் காணும் குழந்தைக்கு விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். பார்வை மிகக் குறைந்த குழந்தைகள் அப்படிச் செய்வதுண்டு.

இன்னொன்று சாப்பாடு. வெறும் சோறு, பிஸ்கட், சிப்ஸ் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளைகள் ஆட்டிசத்தில் உண்டு. வைட்டமின் ஏ குறைந்து, பொழுது சாய்ந்ததும் தடுமாறுவது, கண் வறண்டு வெள்ளைப் பகுதி மங்குவது என்று ஆரம்பித்து, கருவிழியே கெட்டுப்போகும் நிலைக்கு வளரக்கூடும். அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு 5 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளையின் தட்டுதான் கணக்கு. முருங்கைக்கீரையை நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கி அரைத்து அரிசிம்பருப்புச் சோற்றில் அரை ஸ்பூனிலிருந்து ஆரம்பிக்கலாம். கொழுப்பு இல்லாமல் இந்த வைட்டமின் உடம்பில் சேராது. முட்டை மஞ்சள் கரு, பப்பாளி, மாம்பழம் எது உள்ளே போகிறதோ அது. மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். இந்த வைட்டமின் அளவு மீறினால் கல்லீரலையும் மூளையையும் பாதிக்கும்.

பரிசோதனைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது

"எழுத்தே படிக்கத் தெரியாதுங்க, எப்படிங்க கண்ணு டெஸ்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடும் வீடுகள் நிறைய. பவர் பார்க்கப் பிள்ளை வாயைத் திறக்கவே வேண்டாம். ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியால் கண்ணுக்குள் ஒளிக்கோட்டைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்து, பவரைக் கணக்கிடுவார்கள். பிள்ளை தூரத்தில் ஓடும் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பார்வை அளவை எடுக்கவும் வழி உண்டு. வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் உள்ள அட்டையைக் காட்டி, மடியில் இருக்கும் அட்டையில் அதே படத்தைத் தொடச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் வெறுமையும் உள்ள அட்டையைக் காட்டி, கண் எந்தப் பக்கம் போகிறது என்று சோதிப்பவரே பார்த்துக்கொள்வார்.

இங்கே அதிகம் தவறுவது ஒன்று. கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் மெஷினில் தாடையை வைத்து, சொட்டு மருந்து போடாமல் எடுத்த பவரை வைத்துக் கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். குழந்தையின் கண் லென்ஸ் மிக நெகிழ்வானது. மெஷினுக்குள் தெரியும் படத்தைக் கிட்டத்தில் இருப்பதாக நினைத்து இறுகிக்கொள்ளும். இல்லாத மைனஸ் பவர் வரும், இருக்கிற பிளஸ் பவர் மறையும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் சொட்டு மருந்து.

மருந்தில் இரண்டு வகை அதிகம் பயன்படும். சைக்ளோபென்டோலேட் ஆஸ்பத்திரியிலேயே போட்டு முக்கால் மணி நேரத்துக்குள் வேலை செய்யும், சுமார் ஒரு நாளில் தெளியும். அட்ரோபின் களிம்பு சின்னக் குழந்தைகளுக்கும், உள்பக்கம் திரும்பும் மாறுகண் உள்ளவர்களுக்கும் வீட்டில் போடக் கொடுப்பது. வழக்கமாக 3 நாள், அரிசி மணி அளவு. இதன் மங்கல் ஒரு வாரம், சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் வரை நிற்கும். அந்த நாட்களில் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். ஸ்பெஷல் ஸ்கூல் மதிப்பீடு, ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) மதிப்பீடு எதையும் அந்த வாரத்தில் வைக்காதீர்கள். முகம் சிவந்து, உடம்பு சுட்டு, வாய் வறண்டு, பிள்ளை பிதற்ற ஆரம்பித்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சைக்ளோபென்டோலேட்டுக்கும் சில பிள்ளைகள் ஓரிரு மணி நேரம் தூங்கி வழிவார்கள், அல்லது வழக்கத்துக்கு மாறாகத் துள்ளுவார்கள். வலிப்போ இதயக் கோளாறோ இருந்தால் மருந்து போடுமுன்னே சொல்லிவிட வேண்டும். களிம்புக் குழாய் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, வாயில் போனால் விஷம்.

கண்ணைத் திறக்க விடாத பிள்ளைக்குச் சண்டை போட்டு மருந்து போட வேண்டியதில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்து உள்மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். அவன் கண்ணைத் திறக்கும்போது மருந்து தானாக உள்ளே ஓடும். உடனே அந்த மூலையை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்தி வைத்தால் மருந்து மூக்கு வழியாக உடம்புக்குள் இறங்குவது குறையும்.

தயாரிப்பு இரண்டு வாரத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். தினமும் சில நிமிடம் போதும்: மங்கலான அறையில் டார்ச் ஒளியைச் சுவரில் காட்டிப் பழக்குவது, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி ஐந்து எண்ணுவது, மூடியைத் திறக்காத சொட்டுப் பாட்டிலை இமையில் தொட்டு எடுப்பது. வாரம் ஒரு முறை மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்புவதும் உதவும். கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முன்கூட்டியே போன் செய்து, ஆட்டிசம் என்று சொல்லி, கூட்டம் குறைந்த நாளையும் காலை முதல் டோக்கனையும் கேளுங்கள். நோம்பி லீவு முடிந்த மறுநாள், பள்ளி விடுமுறை வாரம் இரண்டையும் தவிருங்கள். அரசு வழியில் போக நினைப்பவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தொடங்கலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள்.

கையில் பிறப்பு விவரம் இருக்கட்டும்: எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை, ஐ.சி.யூ.வில் இருந்த நாட்கள். மருந்துச் சீட்டு இன்னும் முக்கியம். நடத்தைக்காகக் கொடுக்கும் மருந்தோடு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்த்திருந்தால் அதுவே கண்மணியை விரித்துக் கிட்டப் பார்வையை மங்க வைக்கும். வலிப்புக்கு விகாபாட்ரின் சாப்பிட்டிருந்தால் அது பக்கவாட்டுப் பார்வையைச் சுருக்கக்கூடியது. கண் மருத்துவர் தனியாகக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் முடியாத பிள்ளை இருப்பான். நான்கு பேர் பிடித்து அமுக்கிச் செய்யும் பரிசோதனையில் பவரும் சரியாக வராது, அடுத்த முறை அவன் வாசலைக்கூட மிதிக்க மாட்டான். மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பது அங்கே நல்ல முடிவு. பல் வேலை பாக்கி இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்க ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணாடி மூக்கில் நிற்க வேண்டும்

பவர் சரியாக எடுத்த பிறகும் பாதிக் காரியம் மீதி இருக்கிறது. கண்ணாடி அலமாரியில் தூங்கினால் பயனில்லை.

சட்டம் வளையும் தன்மையுள்ள பிளாஸ்டிக்கிலோ சிலிகானிலோ இருக்கட்டும். மூக்கில் குத்தும் உலோகக் கம்பியும் தனி நோஸ்பேடும் வேண்டாம். மூக்கின் மேல் அகலமாக உட்காரும் பாலம் வேண்டும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருந்தால் விழுந்தாலும் தெறிக்காது. கண்மணி சட்டத்தின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். "வளருவான், கொஞ்சம் பெருசா எடுத்துக்கலாம்" என்று வாங்கினால் லென்ஸின் ஓரம் வழியாகப் பார்ப்பான், கண்ணாடியும் சரிந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது கடையிலேயே லென்ஸ் பவரை மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லி, சீட்டோடு ஒப்பிட வேண்டும். வலதும் இடதும் மாறிப்போவது நடக்கும். சிலிண்டர் பவர் (ஒரு கோணத்தில் மட்டும் வேலை செய்யும் பவர்) இருந்தால் அதன் கோணத்தையும் பார்க்க வேண்டும்.

தலைக்குப் பின்னால் பட்டை கட்டாமல் ஓடியாடும் பிள்ளைக்குக் கண்ணாடி நிற்காது. கடைப் பட்டை ரப்பர் பிசுபிசுப்பு பிடிக்காத பிள்ளைகளுக்குத் திருப்பூர் பக்கம் எளிதாகக் கிடைக்கும் பருத்தி ரிப் துணியே போதும். ஒரு இஞ்ச் அகலம், தையல் வெளிப்பக்கம், லேபிள் எதுவும் இல்லாமல். தலையை இறுக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தலை வாரினால் கண்ணாடி சரியத்தான் செய்யும். எண்ணெயை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

போட்டுப் பழக்குவதில் அவசரம் ஆகாது. முதலில் லென்ஸ் இல்லாத சட்டத்தைக் கையில் கொடுத்து, பொம்மைக்குப் போட்டு, அப்பாருக்குப் போட்டு, பிறகு அவனுக்கு. ஐந்து விநாடி போட்டதும் அவன் கழற்றுவதற்கு முன்பே நீங்களே கழற்றிவிடுங்கள். இதில்தான் சூட்சுமம். அவன் பிடுங்கி எறிந்த பிறகு கழற்றினால் எறிந்தால் கழன்றுவிடும் என்று பழகிவிடுவான். ஐந்து, பத்து, முப்பது விநாடி, இரண்டு நிமிடம் என்று ஏற்றி, லென்ஸ் போட்ட பிறகு அவனுக்கு மிகவும் பிடித்த, கண்ணாடி போட்டால்தான் தெளிவாகத் தெரியும் காரியத்தோடு மட்டும் சேர்த்துக் கொடுங்கள். பஸ் படங்களைப் பார்ப்பவனுக்குச் சின்னச் சின்ன பஸ் படம். சில நாளில் அவனே தேடுவான்.

பிளஸ் பவர் கண்ணாடி முதல் இரண்டு வாரம் தூரத்தை மங்கலாகக் காட்டலாம், கண் தளர்ந்ததும் தெளியும். சிலிண்டர் கூடுதலாக இருந்தால் தரை சாய்வது போலத் தோன்றும். படியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாகியும் ஒரேயடியாக மறுத்தால் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறதா, மூக்கில் தழும்பு இருக்கிறதா, லென்ஸ் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பவரை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்கு +1, +2 இருப்பது இயல்பு. அதற்கெல்லாம் கண்ணாடி தேவைப்படாமல் இருக்கலாம், காரணத்தைக் கேளுங்கள்.

மறைப்பு

ஒரு கண் மட்டும் சோம்பேறிக் கண்ணாக இருந்தால் முதலில் கண்ணாடியை மட்டும் முழு நேரமும் போட்டுச் சில மாதம் பார்ப்பார்கள். அதிலேயே நன்றாகத் தேறுபவர்கள் உண்டு. பிறகுதான் நல்ல கண்ணை மறைப்பது. மிதமான குறைக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்கு ஈடாகப் பலன் தருகிறது என்று அமெரிக்கக் குழந்தைக் கண் ஆய்வுக் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே நாள் முழுவதும் ஒட்டிவைத்துப் பிள்ளையை வதைக்க வேண்டியதில்லை.

ஒட்டும் பேட்ச் தோலில் பட்டாலே துடிக்கும் பிள்ளைக்குக் கண்ணாடிக் கால் வழியாக மாட்டும் துணி மறைப்பு உண்டு. மேல் விளிம்பு வழியாக எட்டிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் நல்ல கண்ணில் வாரக் கடைசி இரண்டு நாள் அட்ரோபின் சொட்டு விட்டு மங்க வைக்கும் முறை இருக்கிறது. தோல் கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு இதுதான் பல நேரம் கைகொடுக்கிறது. மருத்துவர் சொன்ன தேதியில் திரும்பிப் போகாமல் இருப்பது இதில் பெரிய தவறு. மறைத்த நல்ல கண்ணே மங்கிப்போகும் வாய்ப்பு உண்டு.

மறைத்திருக்கும் நேரம் கைவேலைக்கு நல்லது. பல்லாங்குழி, கோலப் புள்ளியில் கோடு இழுப்பது, தட்டைப்பயறையும் அவரையையும் பிரிப்பது. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் பிள்ளை என்றால் பயறு வேண்டாம், பெரிய மரமணி.

இனி பயிற்சி

விஷன் தெரபிக்கு உறுதியான ஆதாரம் இருப்பது கண் குவிதல் குறைபாட்டுக்கு. கிட்டத்தில் வரும் பொருளைப் பார்க்க இரண்டு கண்ணும் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு பென்சில் முனையை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால் சுமார் 6 செ.மீ.க்கு முன்பே ஒரு கண் வெளியே நழுவினால் குறை இருக்கலாம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9 முதல் 17 வயது வரையிலான 221 பேரிடம் 12 வாரம் நான்கு முறைகளை ஒப்பிட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம் நேரடிப் பயிற்சியும் வீட்டில் தினம் கால் மணி நேரமும் செய்தவர்களில் 73 சதவீதம் பேர் குணமானார்கள் அல்லது தேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம், பெயருக்குச் செய்த போலிப் பயிற்சியில் 35 சதவீதம். அதாவது "தினமும் பென்சிலப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவது மட்டும் போதாது. இது ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 2019இல் அதே குழுவினர் வெளியிட்ட அடுத்த ஆய்வில் கண் குவிதல் நன்றாகத் தேறியது. வாசித்துப் புரிந்துகொள்வதோ போலிப் பயிற்சியைவிட மேலாகத் தேறவில்லை. படிப்பு வந்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

இரண்டு படி உள்ள சொல்லைக் கேட்டுச் செய்வான், செய்து காட்டினால் பின்பற்றுவான் என்ற நிலைக்கு வந்த பிள்ளைதான் இந்தப் பயிற்சிக்குத் தயார். அதற்கு முந்தைய நிலையில் ஓ.டி.யோடு சேர்த்து, கண்ணும் கையும் இணையும் விளையாட்டுகளே போதும்.

மணிக்கயிறு நல்ல கருவி, வீட்டிலேயே செய்யலாம். 3 மீட்டர் வெள்ளைக் கயிறு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணி. ஒரு முனை கதவுக் கைப்பிடியில், மறுமுனை பிள்ளையின் மூக்கு நுனியில். மணிகள் சுமார் 40 செ.மீ., ஒன்றரை மீட்டர், முனைக்கு அருகில் ஒன்று. நடு மணியைப் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் பட்சத்தில், கயிறு இரண்டாகி அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்வது போலத் தெரியும். பேசாத பிள்ளைக்கு மூன்று அட்டை வரைந்து வையுங்கள்: ஒற்றைக் கோடு, மணியில் வெட்டும் பெருக்கல் குறி, மணிக்கு முன்னாலோ பின்னாலோ வெட்டும் குறி. அவன் தொட்டுக் காட்டட்டும். எப்போதும் ஒற்றைக் கோட்டையே தொட்டால் மூளை ஒரு கண்ணை அணைத்து வைத்திருக்கலாம். வீட்டில் தொடராமல் சோதித்தவரிடம் சொல்லுங்கள். கயிறு மூக்கில் படுவதே பிடிக்காத பிள்ளைக்கு முனையில் ஒரு பஞ்சு உருண்டை.

தொங்கும் பந்துக்குத் தூளி கட்டிய கொக்கியே போதும். எலுமிச்சை அளவு ஸ்பாஞ்ச் பந்து, அதில் நாலைந்து படம் ஒட்டி, பிள்ளையை அடியில் படுக்க வைத்து மெல்ல வட்டமாக ஆட்டுங்கள். படத்தின் பெயரையோ அட்டையையோ காட்டச் செய்யலாம். கண்ணோடு தலையும் சேர்ந்து திரும்பினால் வேகத்தைக் குறையுங்கள். தலையைப் பிடித்து அமுக்க வேண்டாம். பந்து ஆடுவதையே ரசித்து மயங்கி நின்றுவிட்டால் பயிற்சி முடிந்துவிட்டது, எடுத்து வைத்துவிடுங்கள். சுற்றினால் வாந்தி வரும் பிள்ளைக்கு முன்பின் ஆட்டம் மட்டும்.

இரண்டு கண்ணால் ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குத் தாவப் பழக, இரண்டு குச்சியில் வெவ்வேறு படம், முகத்திலிருந்து 40 செ.மீ., இடைவெளி 20 செ.மீ. பெயர் சொன்னால் அதைப் பார்க்க வேண்டும். மின்னி மின்னி அணையும் விளக்கு, பளபளக்கும் திரை எதையும் வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பயன்படுத்தக் கூடாது.

மூன்று நிமிடம், ஓய்வு, மூன்று நிமிடம், ஓய்வு. மொத்தம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், வாரம் 5 நாள். வயிறு நிறைந்த உடனேயும் வேண்டாம், தூக்கம் கெட்ட நாளிலும் வேண்டாம். கண் சிவந்து, தேய்த்து, கொட்டாவி விட்டால் அன்றைக்குப் போதும்.

மூளைவழிப் பார்வைக் குறைக்குச் செய்ய வேண்டியது

முன்பு சொன்ன படி தடுமாறும், கூடையில் பொருள் தேட முடியாத பிள்ளைக்குக் கண் தசைப் பயிற்சி உதவாது. வீட்டை மாற்ற வேண்டும். வண்ணக் கோடு போட்ட பவானி ஜமக்காளத்தில் பொம்மையைப் பரப்பினால் அவனுக்கு எதுவும் தனித்துத் தெரியாது. ஒற்றை நிறப் போர்வையில், ஒரு நேரத்தில் ஒரு பொருள். எவர்சில்வர் தட்டில் வெள்ளை இட்லி பளபளப்பில் கரைந்துவிடும். வாழை இலையிலோ அடர்நிறத் தட்டிலோ வைத்துப் பாருங்கள், அவனே எடுப்பான். படி விளிம்பில் மஞ்சள் பட்டை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். சோக் கெட்டு நடுங்கும் டியூப் லைட்டை மாற்றுங்கள். புத்தகத்தில் ஒரு வரி மட்டும் தெரிய அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள். விசைத்தறிச் சத்தமோ டிவியோ பின்னால் ஓடினால் பார்த்துக்கொண்டே கேட்க முடியாத பிள்ளைகள் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். கற்றுக்கொடுக்கும் நேரத்திலாவது அமைதி வேண்டும்.

பணம் கட்டும் முன்

40, 60 செஷனுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் யோசியுங்கள். கேட்க வேண்டியது நான்கு: என் பிள்ளைக்குக் கண்டுபிடித்த குறையின் பெயர் என்ன, இன்றைய அளவு எண்ணில் எவ்வளவு, மறுபடி எப்போது அளப்பீர்கள், எந்த அளவு வந்தால் நிறுத்துவீர்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் சேர்க்க வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ப்ரிஸம் கண்ணாடி, வண்ண லென்ஸ், நீல ஒளி தடுக்கும் கண்ணாடி என்று விற்பவர்களிடமும் அப்படியே. வண்ண லென்ஸுக்கும் கண் பயிற்சிக்கும் கற்றல் குறைபாட்டைக் குணமாக்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009இல் கூட்டாகவே அறிவித்திருக்கின்றன. ஆட்டிசத்தைக் குறைப்பதாகச் சொல்வதற்கு அந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது.

செலவுக்கு: ஆட்டிசம் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. அதன் கீழுள்ள நிரமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுக்காதவர்கள் முதலில் அதை எடுங்கள்.

12 வாரம் முடிந்ததும் அளவைத் திரும்ப எடுக்க வேண்டும். கண் குவியும் தூரம் 12 செ.மீ.யிலிருந்து 7க்கு வந்திருந்தால் தொடரலாம். அசையவே இல்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒழுங்காக நடந்ததா, கண்ணாடி முழு நேரமும் போட்டானா, பவர் மாறியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். பயிற்சி நின்றாலும் கண்ணாடியும் பரிசோதனையும் நிற்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. 8 வயதுக்கு மேல் மைனஸ் பவர் ஏறும் காலம். தினமும் வெளியே வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். பஞ்சுத் தூசியும் பார்த்தீனியமும் உள்ள ஊர்களில் கண் அரிப்பு வந்து தேய்த்துக்கொண்டே இருப்பவனுக்கு அலர்ஜி மருந்தை உடனே தொடங்க வேண்டும். தேய்த்துத் தேய்த்துக் கருவிழி கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் பத்து வயதுக்கு மேல் வரும். சிலிண்டர் பவர் வருடா வருடம் ஏறினால் கருவிழி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.